பம்ப்செட் மின்சாரமும் வெளிநாட்டுப் பணமும்

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற முகாமில் சொட்டுநீர்ப் பாசனம் பற்றிப் பேசி முடித்தபோது, பின்வரிசையிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க சார், உலக வங்கிக்காரன் சொன்னா நம்ம கரண்டை நிறுத்திப் போடுவாங்களா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவருடைய தோட்டத்தில் வாழையும் மஞ்சளும் நிற்கின்றன. பம்ப்செட் இல்லாவிட்டால் இரண்டும் இல்லை. அன்று நேரமின்மையால் சரியான பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு இன்று பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் பொருளாதார வல்லுநர் அல்லன்; பயிரையும் நீரையும் பற்றிப் பாடம் நடத்துபவன். ஆனால் கிணற்றுப் பாசனம் செய்யும் நாட்டில் நீர் வேறு, மின்சாரம் வேறு என்று பிரித்துப் பேச முடியாது. ஆகவே மின் மானியம் என்பது என்ன, அதைச் சீர்திருத்தும்படி வெளிநாட்டுப் பணம் எப்படி வந்தது, வந்த இடங்களில் என்ன நடந்தது, அதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

மானியத்தின் அளவு

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு ஏக்கர் நிலத்துக்கு இரண்டு அங்குல உயரம் நீர் பாய்ச்சினால் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் நீர் ஆகும். இந்த நீரை 100 அடி ஆழத்திலிருந்து மேலே கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பம்ப்செட்டின் மொத்தத் திறன் 35 முதல் 40 சதம் வரை இருந்தால், ஒரு பாய்ச்சலுக்குச் சுமார் 45 யூனிட் மின்சாரம் செலவாகும். அதாவது 5 குதிரைத் திறன் மோட்டார் சுமார் 10 மணி நேரம் ஓட வேண்டும்.

அதே நீர் 300 அடியிலிருந்து வந்தால் 135 யூனிட் ஆகும். 600 அடியிலிருந்து வந்தால் 270 யூனிட் ஆகும். பயிரும் பரப்பும் விளைச்சலும் மாறவில்லை; மின்செலவு மட்டும் ஆறு மடங்காகிவிட்டது. கணக்கு எளிதாக இருப்பதற்காக ஒரு யூனிட்டின் அடக்க விலையை 5 ரூபாய் என்று கொள்வோம். 100 அடிக் கிணற்றுக்காரரின் ஒரு பாய்ச்சலுக்கு 225 ரூபாயும், 600 அடிக் கிணற்றுக்காரரின் ஒரு பாய்ச்சலுக்கு 1,350 ரூபாயும் ஆகின்றன. இந்தத் தொகையை உழவர் கட்டுவதில்லை. அரசு கட்டுகிறது, அரசு முழுவதும் கட்டாதபோது மின் நிறுவனம் கடனாகச் சுமக்கிறது. இதுதான் மின் மானியம்.

இந்த மானியம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. காவிரிப் பாசனத்தில் நீர் தானாக வாய்க்காலில் ஓடி வருகிறது. அந்த அணையையும் வாய்க்காலையும் அரசுதான் கட்டியது. மேட்டு நிலத்து உழவர் தாமே கிணறு வெட்டி, தாமே மோட்டார் வாங்கி நீர் இறைக்கிறார். அவருக்கு மின்சாரத்தில் சலுகை கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஆழம் கூடக் கூட இந்த மானியமும் ஓசையில்லாமல் வளர்ந்துகொண்டே போகிறது என்பதை மனத்தில் வைக்க வேண்டும்.

கம்பி வந்த கதை

வெளிநாட்டுப் பணம் என்றதும் அது நம் கட்டணத்தை உயர்த்த வந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். அது முதலில் நம் வயலுக்கு வந்தது வேறு வேலைக்காக. 1969ஆம் ஆண்டு மத்திய அரசு ஊரக மின்மயக் கழகத்தை நிறுவியது. அமெரிக்கா நமக்கு அனுப்பிய கோதுமைக்கு நாம் ரூபாயாகக் கொடுத்து, இங்கேயே சேர்ந்திருந்த பி.எல்.480 நிதி, அந்தக் கழகத்தின் தொடக்க முதலுக்குப் பெரிதும் உதவியது. 1971ல் உலக வங்கியைச் சேர்ந்த பன்னாட்டு வளர்ச்சிச் சங்கத்தின் உதவியோடு தமிழ்நாட்டுக்கென்றே ஒரு வேளாண் கடன் திட்டம் வந்தது. கிணறு, பம்ப்செட் போன்றவற்றுக்குக் கடன் கொடுப்பதற்கான திட்டம் அது. 1975ல் ஊரக மின்மயத்துக்கும் அதே சங்கம் கடன் கொடுத்தது.

ஆக, உங்கள் தந்தையார் காலத்தில் தோட்டத்துக்கு வந்த கம்பியிலும் கம்பத்திலும் மோட்டார்க் கடனிலும் வெளிநாட்டுப் பணத்துக்கு ஒரு பங்கு இருந்திருக்கலாம். உணவுப் பஞ்சம் நீங்க வேண்டும், கிணறுகள் பெருக வேண்டும் என்பது அன்றைய நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறியது.

கட்டணம் பற்றிய சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. 1970ல் யூனிட்டுக்குச் சில பைசா உயர்வை எதிர்த்துக் கோவை மாவட்ட உழவர்கள் திரு. நாராயணசாமி நாயுடு அவர்களின் தலைமையில் கிளர்ந்தெழுந்தார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உழவர்கள் உயிரிழந்தனர். 1984ல் சிறு உழவர்களுக்கும், 1990ல் எல்லா உழவர்களுக்கும் இலவச மின்சாரம் வந்தது. 2003ல் மீண்டும் கட்டணம் விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 2004 மே மாதத்தில், அது நீக்கப்பட்டது. இவற்றை முடிவு செய்தவை நம் மாநில அரசுகளும் நம் வாக்குகளுமே.

நிபந்தனையோடு வந்த கடன்

1991ல் நாட்டின் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு நிலைமை மாறியது. மின்சார வாரியங்கள் பலவும் நட்டத்தில் மூழ்கியிருந்தன. புதிய மின் நிலையம் கட்டப் பணம் இல்லை. 1993ல் உலக வங்கி, மின்துறையைச் சீர்திருத்த உறுதி தரும் அரசுகளுக்கே இனிக் கடன் என்று தன் கொள்கையை மாற்றியது. வாரியத்தை உற்பத்தி, கடத்தல், வினியோகம் என்று பிரிக்க வேண்டும், கட்டணத்தை நிர்ணயிக்கத் தனி ஆணையம் வேண்டும், மீட்டர் வேண்டும், வேளாண் கட்டணம் படிப்படியாக உயர வேண்டும். பெரும்பாலும் இவையே நிபந்தனைகள்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். உதவி என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் பெரும்பாலும் தருவது கடன். வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பிரிட்டன் போன்ற நாடுகள் அக்காலத்தில் தந்தவற்றில் பெரும்பகுதி கொடை. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கொடைப் பணம் பெரும்பாலும் ஆலோசகர்களுக்கும் கணக்கு முறைகளுக்கும் பயிற்சிக்கும் போயிற்று. கம்பியும் மின்மாற்றியும் கடன் பணத்தில் வந்தன.

வேறொன்றையும் மறைக்கக் கூடாது. வேளாண்மைக்குக் கட்டணம் வேண்டும் என்று சொன்னவர்கள் வெளிநாட்டார் மட்டும் அல்லர். 1996ல் நம் நாட்டு முதலமைச்சர்கள் மாநாட்டிலேயே, வேளாண் மின்சாரத்துக்கு யூனிட்டுக்குக் குறைந்தது 50 பைசா வாங்க வேண்டும், மூன்று ஆண்டுகளில் அடக்க விலையில் பாதியாவது வாங்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒப்புக்கொண்டவர்களில் பலர் ஊர் திரும்பியபின் அதைச் செய்யவில்லை.

முதலில் இந்தப் பாதையில் போனது ஒரிசா. 1996ல் உலக வங்கி 35 கோடி டாலர் கடன் தர, வாரியம் பிரிக்கப்பட்டது. 1999ல் வினியோகம் தனியாரிடம் போயிற்று. அதே ஆண்டு பெரும்புயல் கம்பங்களைச் சாய்த்தது. நடுப்பகுதி வினியோகத்தை எடுத்த அமெரிக்க நிறுவனம் 2001ல் விலகிக்கொண்டது. ஆனால் ஒரிசாவில் பம்ப்செட்டுகள் குறைவு. உழவரோடு நேரடியாக மோதிய சோதனை அடுத்த மாநிலத்தில்தான் நடந்தது.

ஆந்திரத்தில் நடந்தது

ஆந்திரப் பிரதேசம் நம்மைப் போன்றே கிணற்றை நம்பிய மாநிலம். ராயலசீமாவிலும் தெலங்கானாவிலும் பாறை நிலம், ஆழ்துளைக் கிணறு, நிலக்கடலை, நெல். 1998ல் மின் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. 1999 பிப்ரவரியில் வாரியம் பிரிக்கப்பட்டது. உலக வங்கி, கட்டம் கட்டமாகச் சுமார் 100 கோடி டாலர் வரை தருவதாகத் திட்டமிட்டு, முதல் கட்டமாக 21 கோடி டாலர் கடன் ஒதுக்கியது. பிரிட்டன் கொடை வழங்கியது.

2000ஆம் ஆண்டு புதிய ஆணையம் தன் முதல் கட்டண உத்தரவை வெளியிட்டது. வீட்டுக் கட்டணத்தோடு, குதிரைத் திறன் கணக்கில் உழவர் கட்டிவந்த கட்டணமும் உயர்ந்தது. அப்போது வயலில் மின்சாரம் எப்படி இருந்தது? பெரும்பாலும் இரவில் வந்தது. அழுத்தம் குறைவாக இருந்தது. மின்மாற்றி எரிந்தால் மாற்ற நாளாயிற்று. நல்ல மின்சாரம் பின்னால் வரும், கட்டணத்தை இப்போதே கட்டு என்று சொன்னதாக உழவர் உணர்ந்தார். மாநிலம் முழுவதும் போராட்டம் மூண்டது. 2000 ஆகஸ்டு 28ஆம் நாள் ஐதராபாத்தின் பஷீர்பாக் பகுதியில் சட்டமன்றத்தை நோக்கிச் சென்ற ஊர்வலத்தின்மேல் காவல்துறை சுட்டது, உயிர்கள் பலியாயின. பெருமாநல்லூருக்குச் சரியாக முப்பது ஆண்டு கழித்து அதே கதை திரும்பியது.

அதற்குப் பிறகு உழவர் கட்டணத்தில் கைவைக்க அந்த அரசு துணியவில்லை. மின்துறைக்கென்று திட்டமிட்ட தொடர் கடனில் அடுத்த கட்டங்கள் வரவில்லை. 2004 தேர்தலில் இலவச மின்சாரம் தருவதாகச் சொன்ன கட்சி வென்றது. அவ்வாண்டு மே 14ஆம் நாள் பதவியேற்ற திரு. ராஜசேகர ரெட்டி அவர்கள் முதல் கையெழுத்தாக இலவச மின்சார ஆணையில் ஒப்பமிட்டார். பின்னர் பிரிந்த தெலங்கானாவோ 2018 சனவரி முதல் 24 மணி நேரமும் இலவச மின்சாரம் தரத் தொடங்கியது.

மானியத்தைக் குறைக்க வந்த கடன், மானியம் முழுமையாவதில் முடிந்தது. கடன் கொடுத்தவர் எழுதிய நிபந்தனையை அரசு ஏற்கலாம். உழவர் ஏற்காவிட்டால் அது நிற்காது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மீட்டர் சொன்ன உண்மை

இருந்தாலும் அந்தப் பணம் முழுவதும் வீண் என்று சொல்லிவிட முடியாது. கம்பி, துணைமின் நிலையம், திருட்டைத் தடுக்கும் சட்டம், முறைப்படுத்திய இணைப்பு ஆகியவற்றால் மின் இழப்பு குறைந்தது. இவற்றோடு உழவருக்குப் பயனான ஒரு செய்தியும் வெளிப்பட்டது.

மீட்டர் இல்லாத பம்ப்செட் எத்தனை யூனிட் எடுத்தது என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே பல மாநிலங்களில் வாரியங்கள், கணக்கில் வராத மின்சாரத்தையெல்லாம் உழவர் பேரில் எழுதிவந்தன. கம்பியில் வீணானதும், ஆலையிலும் கடையிலும் திருடப்பட்டதும் அதில் சேர்ந்தன. அரியானாவிலும் ஆந்திரத்திலும் உலக வங்கி நடத்தி 2001ல் வெளியிட்ட ஆய்வு இதை ஆராய்ந்தது. அரியானாவில் மீட்டர் வைத்து அளந்தபோது, பம்ப்செட்டுகள் எடுத்த மின்சாரம் வாரியம் சொன்னதைவிடக் குறைவு என்று தெரிந்தது. மோட்டார் எரிதல், மின்மாற்றிப் பழுது, உரிய நேரத்தில் நீர் கிடைக்காமை ஆகியவற்றால் உழவர் மறைமுகமாக ஒரு விலை கொடுத்து வருகிறார் என்பதையும் அதே ஆய்வு எடுத்துக் காட்டியது.

உழவர்தான் மின்துறையைத் தின்றார் என்ற பழியில் ஒரு பகுதி பொய். அந்தப் பொய்யைக் காட்டியது மீட்டர். ஆனால் மீட்டர் வைத்தால் நாளை பில் வரும் என்று உழவர் அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமானது. பஷீர்பாக்கை மறந்துவிடு என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் மீட்டரை எங்கே வைப்பது, யார் கையில் கணக்கு இருப்பது என்பது முக்கியமாகிறது. ஒவ்வொரு கிணற்றிலும் வைக்காமல், வேளாண் மின்மாற்றியிலும் மின்பாதையிலும் மீட்டர் வைத்தாலே மொத்தக் கணக்கு தெரிந்துவிடும்.

வேறு மூன்று வழிகள்

குஜராத்துக்கு 2000ஆம் ஆண்டு ஆசிய வளர்ச்சி வங்கி 35 கோடி டாலர் கடன் ஒதுக்கியது. அங்கும் கட்டண உயர்வை உழவர்கள் எதிர்த்தார்கள். 2003ல் அந்த அரசு வேறு வழியை எடுத்தது. ஜோதிகிராம் என்ற திட்டத்தில் ஊருக்கு ஒரு மின்பாதை, தோட்டத்துக்கு ஒரு மின்பாதை என்று பிரித்தார்கள். வீட்டுக்கு நாள் முழுவதும் மின்சாரம். தோட்டத்துக்கு 8 மணி நேரம், முழு அழுத்தத்தில், முன்னதாக அறிவித்த நேரப்படி மும்முனை மின்சாரம். மூன்றாண்டில் ஏறத்தாழ 18,000 ஊர்களில் வேலை முடிந்தது. இதற்குச் செலவிட்ட ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட ரூபாயில் பெரும்பகுதி மாநிலத்தின் சொந்தப் பணம். மானியம் ஒழியவில்லை, ஆனால் அதற்கு ஓர் எல்லை வந்தது. மோட்டார் எரிவது குறைந்தது. குறையும் உண்டு. நேரம் சுருங்கியதால், கிணற்றுக்காரரிடம் நீரை விலைக்கு வாங்கிப் பயிர் செய்த குத்தகை உழவர் பாதிக்கப்பட்டார்.

கர்நாடகத்தில் தொட்டபள்ளாபுரம் வட்டத்தில் அமெரிக்க உதவி நிறுவனமான யு.எஸ்.எய்டு, மின் நிறுவனத்தோடு சேர்ந்து இருநூற்றுக்கு மேற்பட்ட பழைய பம்ப்செட்டுகளை எடுத்துவிட்டுத் திறன் மிக்கவற்றைப் பொருத்தியது. உழவரிடம் பம்ப்செட்டுக்கு விலை வாங்கவில்லை. மின்சாரத்தில் மீதமாகும் பணத்தைக் கொண்டு செலவை ஈடு செய்வது ஏற்பாடு. நல்ல யோசனை. ஆனால் நீருக்குக் கணக்கு இல்லாத இடத்தில் நல்ல பம்ப்செட் அதிக நீரை இறைத்துவிடவும் கூடும்.

மூன்றாவது பஞ்சாப். 2018ல் உலக வங்கியின் தொழில்நுட்ப ஆலோசனையோடு, "தண்ணீரைச் சேமி, பணம் சம்பாதி" என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறு திட்டம் ஆறு மின்பாதைகளில் தொடங்கியது. விரும்பிய உழவர் மட்டும் மீட்டர் வைத்துக்கொள்வார். அவருக்கு மாதம் இத்தனை யூனிட் என்று ஒதுக்கீடு. அதற்குள் மீதப்படுத்தினால், ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் கணக்கில் சேரும். மிஞ்சிச் செலவிட்டால் பில் இல்லை. இங்கே மீட்டர் உழவருக்குப் பணம் கொண்டுவருகிறது. ஆந்திரத்தில் வெளிப்பணம் அரசின் கையை முறுக்கியது. இங்கே அது உழவரிடம் ஒரு யோசனையைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றது.

வெளிப்பணம் நிலையானதும் அன்று. பிரிட்டன் இந்தியாவுக்கு அளித்துவந்த நிதிக் கொடையை 2015ல் முடித்துக்கொண்டது. யு.எஸ்.எய்டு நிறுவனமே 2025ல் மூடப்பட்டுவிட்டது. வந்தவர்கள் போய்விடுவார்கள். கம்பியும் கடனும் கிணறும் நம்மிடம்தான் இருக்கும்.

எங்கள் தோட்டத்துக் கிணறு

இனிச் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நான் இலவச மின்சாரத்தில் படித்தவன். எங்கள் அப்பாவுக்கு நான்கு ஏக்கர் மேட்டு நிலம். மின் கட்டணம் இருந்திருந்தால் என் கல்லூரிக் கட்டணம் இருந்திருக்காது. ஆகவே இந்த மானியத்தை எளிதாகப் பழித்துப் பேச என் நாக்கு வராது.

நான் சிறுவனாக இருந்தபோது திறந்த கிணற்றில் 60 அடியில் நீர் நின்றது. பள்ளி முடிப்பதற்குள் கிணறு வற்றி, 300 அடிக்கு போர் போட்டோம். நான் மேல்படிப்புப் படித்தபோது அது 650 அடியாயிற்று. ஒவ்வொரு முறையும் போர் வண்டிக்குக் கடன் வாங்கினோம். ஒரு கோடையில் அழுத்தக் குறைவால் மோட்டார் இரண்டு முறை எரிந்தது. காயில் கட்டிவர நான்கு நாள், ஐந்து நாள் ஆகும். அதற்குள் வாழைக் குலை வாடியது. இரண்டாம் முறை அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

சில ஆண்டுகள் கழித்து நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போர் ஆழப்படுத்தியது, குழாய், மோட்டார், காயில், வட்டி எல்லாவற்றையும் கூட்டினேன். இலவசம் என்று நாங்கள் நினைத்த மின்சாரத்துக்கு ஒரு விலை கொடுத்துத்தான் வந்திருக்கிறோம். அதை மின்வாரியத்திடம் கட்டவில்லை. போர் வண்டிக்காரரிடமும் அடகுக் கடையிலும் கட்டியிருக்கிறோம். அப்பாவிடம் காட்டினேன். தாளைப் பார்த்துவிட்டு, "பக்கத்துத் தோட்டத்துல ஆழமாப் போட்டா நாம போடாம இருக்க முடியுமா சாமி?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்று தமிழ்நாட்டின் குறுவட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில், ஊறும் நீரைவிட இறைக்கும் நீர் அதிகம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் வகைப்படுத்தியிருக்கிறது. அப்பாவின் கேள்வி ஒரு தோட்டத்தின் கேள்வி மட்டும் அன்று.

நாம் கேட்க வேண்டியவை

மானியத்தைச் சீர்திருத்தும் பேச்சு இனியும் வரும். அதற்கான பணம் வாஷிங்டனிலிருந்தும் வரலாம், டில்லியிலிருந்தும் வரலாம். 2020ல் மத்திய அரசே, கூடுதல் கடன் பெற விரும்பும் மாநிலங்களுக்கு மின்துறைச் சீர்திருத்தத்தை ஒரு நிபந்தனையாக வைத்தது. அப்போது ஆந்திர அரசு ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் பம்ப்செட்டுகளுக்கு மீட்டர் வைத்து, மானியத்தை உழவர் கணக்கில் செலுத்தும் முறையைத் தொடங்கியது. இத்தகைய பேச்சு உங்கள் ஊருக்கு வரும்போது வெறும் கோபத்தோடு நில்லாமல், கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்.

1. வருவது கடனா, கொடையா? கடனானால் திருப்பிக் கட்டுவது யார்?

2. முதலில் வருவது என்ன? தனி மின்பாதை, போதிய மின்மாற்றி, பகல் மின்சாரம் ஆகியவை கட்டணப் பேச்சுக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா?

3. மீட்டர் எங்கே வைக்கப்படும்? அதன் கணக்கை உழவர் பார்க்க முடியுமா?

4. மானியம் பணமாக வருமானால் பயிர்ப் பருவத்துக்கு முன் வருமா? தாமதமானால் மின்சாரம் துண்டிக்கப்படாது என்ற உறுதி எழுத்தில் உண்டா?

5. கிணறு இல்லாத குத்தகை உழவருக்கும், இணைப்புக்குப் பதிவு செய்து காத்திருப்பவருக்கும் அதில் என்ன பங்கு?

இன்றே செய்யக்கூடியவை

யாருடைய பணத்துக்கும் காத்திராமல் செய்யக்கூடியவையும் உள்ளன. ஆந்திரத்தில் இலவச மின்சாரத்தோடு நான்கு சாதனங்களை வற்புறுத்தினார்கள்: ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற பம்ப்செட், கெப்பாசிட்டர், உராய்வு குறைந்த புட்வால்வு, நல்ல பிளாஸ்டிக் குழாய். அந்தப் பட்டியல் நமக்கும் பொருந்தும்.

கெப்பாசிட்டர்: 3 குதிரைத் திறன் மோட்டாருக்கு 1, 5 குதிரைத் திறனுக்கு 2, 7.5 குதிரைத் திறனுக்கு 3 கே.வி.ஏ.ஆர். அளவில் பொருத்தலாம். மின்பாதையில் ஓட்டம் குறைந்து அழுத்தம் சற்று உயரும். ஒருவர் மட்டும் பொருத்தினால் பயன் சிறிது. ஒரு மின்மாற்றிக்கு உட்பட்ட அனைவரும் பொருத்தினால் பயன் பெரிது.

தானியங்கி ஸ்டார்ட்டர்: மின்சாரம் வந்த நொடியில் எல்லா மோட்டாரும் ஒருங்கே கிளம்பினால் மின்மாற்றி தாங்காது. ஒரு மின்மாற்றிக்கு உட்பட்ட உழவர்கள் கூடிப் பேசி, முறை வைத்து மோட்டாரைப் போடுங்கள். இருமுனை மின்சாரத்தில் கண்டன்சர் போட்டு மோட்டார் ஓட்டுவதை விட்டுவிடுங்கள். காயில் எரிய அதுவும் ஒரு காரணம்.

நீர்: நெல்லுக்கு எப்போதும் நீர் கட்டி வைக்க வேண்டியதில்லை. துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே அரை அடி இறங்கியபின் மறுபடி இரண்டு அங்குலம் பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. வாழை, மஞ்சள், கரும்புக்குச் சொட்டுநீர் அமையுங்கள். ஒரு பாய்ச்சல் குறைந்தால், 300 அடிக் கிணற்றில் ஏக்கருக்கு 135 யூனிட்டும் 2 லட்சம் லிட்டர் நீரும் மிச்சம். மின்சாரம் இலவசமானாலும் அந்த நீர் இலவசம் அன்று.

பெரியவருக்குப் பதில்

உலக வங்கி சொன்னால் நம் மின்சாரம் நின்றுவிடுமா? நிற்காது. ஒரிசாவிலும் ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்ததைப் பார்த்தோம். வெளிப்பணம் கம்பி தரும், கணக்கு தரும், சில நேரம் நல்ல யோசனையும் தரும். உழவரின் சம்மதத்தை அது வாங்கித் தர முடியாது. அந்தச் சம்மதம் இல்லாத சீர்திருத்தம் ஒரு தேர்தல் வரைகூட நிற்பதில்லை.

ஆனால் பெரியவர் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. யாரும் நிறுத்தாமலே நம் மோட்டார் நின்றுவிடுமா? நிற்கும். போரில் நீர் இல்லாத அன்று, 24 மணி நேர இலவச மின்சாரம் இருந்தாலும் அது நிற்கும். அதைத் தள்ளிப் போடுவது நம் கையில் இருக்கிறது. அடுத்த முகாமுக்கு வரும்போது உங்கள் கிணற்றின் ஆழம், மோட்டாரின் குதிரைத் திறன், ஒரு பருவத்தில் எத்தனை பாய்ச்சல் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுவோம். அந்தக் கணக்கு நம் கையில் இருந்தால், நாளை யார் பணத்தோடு வந்தாலும் அவரோடு சமமாக அமர்ந்து பேசலாம்.